வாத்தியாருக்கு மார்க்கு

மாணவர்களுக்கு மார்க்குப் போடுகிற ஆசிரியரை எல்லோருக்கும் தெரியும். ஆசிரியருக்கு அபராதம் போட்ட மாணவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இந்தக் காலத்துப் பிள்ளைகளின் அடாவடி என்று நினைத்துவிட வேண்டாம். எழுநூறு வருஷங்களுக்கு முன்னால், இத்தாலியில் பொலோன்யா என்ற நகரத்தில், சட்டம் படிக்க வந்தவர்கள் செய்த காரியம் அது.

ஐரோப்பாவின் பல்கலைக் கழகங்களில் மூத்தது பொலோன்யா. 1088-ஆம் வருஷத்தில் அது பிறந்ததாகச் சொல்வது சம்பிரதாயம். பிறந்தது என்றால், யாரோ ஒரு மகாராஜா அஸ்திவாரக் கல் நாட்டித் திறந்து வைத்தார் என்று அர்த்தமில்லை. கட்டிடமே கிடையாது. ரோமானியச் சட்டத்தில் வல்ல ஆசிரியர்கள் அந்த ஊரில் இருந்தார்கள். அவர்களைத் தேடி ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தெல்லாம் மாணவர்கள் வந்தார்கள். வந்தவர்களில் பலர் மீசை முளைத்து நாளானவர்கள்; மாதா கோவிலில் பதவியும் வருமானமும் உள்ளவர்கள். ஆனாலும் பொலோன்யாவில் அவர்கள் அந்நியர்கள். ஊர்க்காரனுக்கு உள்ள உரிமை எதுவும் அவர்களுக்கு இல்லை. வீட்டுக்காரன் வாடகையை ஏற்றினால் முறையிட இடமில்லை.

ஆகவே அவர்கள் ஒரு சங்கம் கூட்டினார்கள். 'யுனிவர்ஸிடாஸ்' என்ற லத்தீன் வார்த்தைக்கு அன்று சங்கம் என்றுதான் பொருள். பிற்பாடுதான் அது கல்விக்கூடத்தின் பெயராயிற்று. வாடகை ஏறினால் கூண்டோடு வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்று சங்கம் மிரட்டியது. கட்டிடம் இல்லாத பல்கலைக் கழகம் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவதில் என்ன சிரமம்? ஊர்க்காரர்களை வழிக்குக் கொண்டு வந்த பிறகு சங்கத்தின் பார்வை ஆசிரியர்கள் மேல் திரும்பியது. ஆசிரியர்களுக்கு வயிற்றுப் பிழைப்பே மாணவர்கள் கொடுக்கும் தட்சிணைதானே!

அந்தச் சங்கத்தின் 1317-ஆம் வருஷத்துச் சட்ட திட்டங்களைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, பேராசிரியர்கள் மேல் இரக்கமும் வருகிறது. அனுமதி இல்லாமல் ஒரு நாள்கூட மட்டம் போடக் கூடாது. ஊரை விட்டுப் போக வேண்டுமானால், திரும்பி வருவதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். மணி அடித்ததும் பாடத்தை ஆரம்பிக்க வேண்டும். அடுத்த மணி அடித்ததும் நிறுத்திவிட வேண்டும். ஐந்து பேராவது கேட்க வராவிட்டால், அன்று ஆசிரியரே வரவில்லை என்று வைத்து அபராதம். எந்த அத்தியாயத்தையும் தாண்டிக் குதிக்கக் கூடாது. கஷ்டமான இடம் வந்தால், "அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடக் கூடாது. இன்ன தேதிக்குள் புத்தகத்தில் இன்ன இடத்துக்கு வந்தாக வேண்டும் என்று கணக்கு. இதையெல்லாம் கண்காணித்துச் சொல்ல மாணவர்களிலேயே சிலர் நியமிக்கப்பட்டார்கள். அபராதத்தை வசூல் செய்ய அலைவானேன் என்று, வருஷ ஆரம்பத்திலேயே ஆசிரியரிடம் ஒரு தொகையை வாங்கி லேவாதேவிக்காரரிடம் போட்டு வைத்துவிட்டார்கள்!

அதற்குச் சுமார் நூறு வருஷம் முன்பின்னாகத்தான் நம் நாட்டில் பவணந்தி முனிவர் நன்னூல் இயற்றினார். ஆசிரியராக இருக்கத் தகாதவர்களுக்கு அவர் நாலு உவமை சொல்கிறார். கழற்காய் நிரப்பிய குடம் ஒன்று. போட்ட வரிசையில் காய் வெளியே வராது, முன்பின்னாக உருளும். மடல் நிறைந்த பனை மரம் ஒன்று. பழம் தானாக விழுந்தால் உண்டே தவிர, கிட்டே போய் ஏற முடியாது. பஞ்சு அடைத்த குடுக்கை ஒன்று. அடைப்பதும் கொஞ்சம் கொஞ்சமாக, எடுப்பதும் கொஞ்சம் கொஞ்சமாக. கடைசியாக முடத்தெங்கு, ஒருவன் தண்ணீர் ஊற்ற, வளைந்த மரம் வேலிக்கு அப்பால் அடுத்தவன் தோட்டத்தில் காய் போடும். பாடம் கேட்க உட்கார்ந்து பட்ட அவஸ்தையெல்லாம் தெரிந்த ஒருவர்தான் இப்படிச் சொல்ல முடியும். பவணந்தி சூத்திரம் எழுதினார். பொலோன்யாக்காரர்கள் கழற்குடத்துக்கு அபராதம் போட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதில் நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. ஆசிரியரின் சட்ட ஞானம் எத்தனை ஆழம் என்று அளக்க அந்த விதிகள் முயலவில்லை. நேரத்துக்கு வந்தாரா, வரிசை தப்பாமல் சொன்னாரா, கடினமான இடத்தில் நழுவினாரா என்றுதான் கேட்டன. இவை எதிரே உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரியாது. கேள்விகள் நல்ல கேள்விகள். ஆனால் கேள்வி கேட்டவன் கையில் ஒரு தடியும் இருந்தது. அபராதத்துக்குப் பயந்தவர் மணி பார்த்துப் பாடம் சொல்வார். மனம் வைத்துச் சொல்வாரா என்பது வேறு சங்கதி. நகர சபை தானே ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியபின், சம்பளம் கொடுத்தவர் பக்கம் அதிகாரமும் மெல்ல மெல்ல நகர்ந்தது. மாணவர் ராஜ்யம் முடிந்தது. தடி போயிற்று, தடியோடு கேள்வியும் போய்விட்டது.

பிறகு பல நூற்றாண்டுகள் மாணவனை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் அபிப்பிராயம் இல்லாமல் போய்விடுமா? நான் கல்லூரியில் படித்த நாளில், வகுப்புக்கு வந்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஒரு பெயர் வைத்துவிடுவோம். பட்டம் வாங்கப் போன நாங்கள், பட்டம் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினோம். அந்தப் பெயர்களில் பாதி விஷமம். பாதி, எந்த அதிகாரியும் எழுத முடியாத அறிக்கை. ஆனால் அந்த அறிக்கை போய்ச் சேர வேண்டியவரிடம் போய்ச் சேரவே இல்லை.

அதைச் சேர்ப்பிக்கலாமே என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் உண்டாயிற்று. ஹார்வர்டு மாணவர்கள் நடத்திய 'கிரிம்ஸன்' பத்திரிகை, 1925-இல், எந்த வகுப்பு எப்படி இருக்கும் என்று புதிதாக வருகிறவர்களுக்கு எச்சரிக்கும் ஒரு 'ரகசிய வழிகாட்டி'யை வெளியிடத் தொடங்கியது. இரண்டு வருஷம் கழித்து, இண்டியானா மாகாணத்தில் பர்டியூ பல்கலைக் கழகத்தில் ஹெர்மன் ரெம்மர்ஸ் என்ற மனோதத்துவப் பேராசிரியரும் அவருடைய சகாவும் சேர்ந்து, ஆசிரியர்களை மாணவர்கள் மதிப்பிடுவதற்கு ஒழுங்காக ஓர் அளவுகோல் தயாரித்தார்கள். அதில் பத்து அம்சங்கள். பாடத்தில் ஆசிரியருக்குள்ள ஈடுபாடு, மாணவரிடம் அனுதாபம், மார்க்குப் போடுவதில் நியாயம், பாடத்தை எடுத்துச் சொல்லும் விதம், நகைச்சுவை, அறிவுப் பசியைத் தூண்டும் திறமை என்றெல்லாம் வரிசை போகிறது. கூடவே, ஆசிரியரின் தோற்றம் எப்படி, அவருக்கு விசித்திரப் பழக்கங்கள் உண்டா என்றும் இரண்டு இடம்! எங்கள் பட்டப் பெயர்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு தலைப்பின் கீழ் அடங்கிவிடும்.

கேலி போகட்டும், ரெம்மர்ஸ் சிரத்தையுள்ள மனிதர். வாழ்நாளில் பெரும் பகுதியை இந்த ஒரு விஷயத்தில் செலவிட்டார். "இந்தப் பிள்ளைகளுக்கு இப்போது என்ன தெரியும்? உலகத்தில் அடிபட்ட பிறகல்லவா எங்கள் அருமை தெரியும்!" என்று ஆசிரியர்கள் ஆட்சேபித்தார்கள். எந்த ஊரிலும் ஆசிரியர்கள் சொல்வதுதான் இது. ரெம்மர்ஸ் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. படித்து முடித்துப் பத்து வருஷம் உலகத்தில் அடிபட்ட பழைய மாணவர்களையே கேட்டார். அதே ஆசிரியர்களைப் பற்றி அன்று வகுப்பில் இருந்த மாணவர்கள் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 1951-இல் வெளிவந்த முடிவின்படி, இரண்டு மதிப்பும் பெரும்பாலும் ஒத்திருந்தன. பையன்கள் அன்று சொன்னது வெறும் விளையாட்டுப் பேச்சு அல்ல என்று ஆயிற்று.

1960-களில் அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர் கிளர்ச்சி மூண்டது. எங்களையும் கேளுங்கள் என்பது கிளர்ச்சிக்காரர்களின் கோரிக்கைகளில் ஒன்று. கேட்டார்கள். அடுத்த பத்து வருஷங்களில், பருவ முடிவில் மாணவரிடம் ஒரு தாளைக் கொடுத்து ஆசிரியருக்கு மதிப்பெண் வாங்குவது அந்த நாட்டில் சாதாரண வழக்கமாகிவிட்டது. வேலையில் நிரந்தரம் ஆவதற்கும் பதவி உயர்வுக்கும் அந்த எண்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பொலோன்யாவின் தடி, வேறு உருவத்தில் திரும்பி வந்தது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் பாக்ஸ் பிரசங்கம் செய்தார்.

1970-ஆம் வருஷம். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஏற்பாடு செய்த கூட்டம். மனநோய் வைத்தியர்களும் மனோதத்துவ நிபுணர்களும் சமூக சேவையில் பயிற்சி தருகிறவர்களும் வந்திருந்தார்கள். வைத்தியக் கல்விக்குக் கணித விளையாட்டுத் தத்துவம் எப்படிப் பயன்படும் என்பது தலைப்பு. டாக்டர் மைரன் பாக்ஸ் கம்பீரமாகப் பேசினார். இடையிடையே சிரிக்க வைத்தார். கேள்விகளுக்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னார். கேட்டவர்கள் தாளில் நல்ல அபிப்பிராயம் எழுதிக் கொடுத்தார்கள். அதைப் படமாக எடுத்து வேறு இரண்டு கோஷ்டிகளுக்கும் காட்டினார்கள். மொத்தம் ஐம்பத்தைந்து பேர். அவர்களில் ஒருவர், பாக்ஸ் எழுதியதை முன்பே படித்திருப்பதாகக்கூடச் சொன்னார். டாக்டர் பாக்ஸ் என்று ஒருவர் இல்லவே இல்லை. பேசியவர் ஒரு நடிகர். முன்னுக்குப் பின் முரணாகவும், இல்லாத வார்த்தைகளை உண்டாக்கியும், அர்த்தமில்லாமல் பேசும்படி அவரைப் பழக்கியிருந்தார்கள். ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. 1973-இல் இந்த நாடகம் அச்சேறியது. மாணவர் மதிப்பெண்ணை எதிர்த்தவர்களுக்கு அன்று கிடைத்த ஆயுதத்தை அவர்கள் பிறகு கீழே வைக்கவே இல்லை.

ஏமாந்தவர்கள் மாணவர்கள் அல்ல, படித்த நிபுணர்கள். அதுவும் ஒரே ஒரு பிரசங்கத்தில் என்று பதில் சொல்லலாம். நாற்பது வருஷம் கழித்து வந்த இன்னொரு சோதனைக்கு அப்படிச் சுலபமாகப் பதில் சொல்லிவிட முடியாது. அமெரிக்க விமானப் படைக் கல்லூரியில் எந்த மாணவன் எந்த ஆசிரியரிடம் படிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல நிர்ணயிப்பார்கள். பாடத்திட்டமும் பரீட்சையும் எல்லோருக்கும் ஒன்றே. ஸ்காட் காரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இரு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். கணிதத்தின் முதல் பாடத்தில், அனுபவம் குறைந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பரீட்சையில் நன்றாக எழுதினார்கள். ஆசிரியருக்கும் நல்ல மார்க்குக் கொடுத்தார்கள். ஆனால் அடுத்தடுத்து வந்த கடினமான பாடங்களில் முன்னே நின்றவர்கள், அனுபவம் முதிர்ந்த, அவ்வளவாகப் பாராட்டுப் பெறாத ஆசிரியர்களிடம் அஸ்திவாரம் போட்டவர்கள்.

அப்படியானால் மாணவன் சொல்வது பொய்யா? அங்கேதான் நிதானிக்க வேண்டும். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். வாசகர்கள் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். "எட்டாவது அத்தியாயத்தில் தூக்கம் வந்துவிட்டது" என்று ஒரு வாசகர் எழுதினால், அதற்கு அப்பீல் கிடையாது. தூங்கியவர் அவர்; அவருக்குத் தெரியாமல் எனக்கா தெரியும்? அதே கடிதத்தில், "ஆகவே கதாநாயகியைக் கொன்றுவிடுங்கள்" என்று எழுதினால், அந்த யோசனையை நான் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை. பட்ட அனுபவத்துக்கு வாசகரே சாட்சி. நாவலுக்கு நீதிபதி என்று அவரை யாரும் நியமிக்கவில்லை. வகுப்பறையிலும் அப்படித்தான். எனக்கு இங்கே புரியவில்லை என்று மாணவன் சொன்னால் அது சத்தியம். இந்த ஆசிரியர் நாட்டிலேயே எத்தனையாவது இடம் என்று அவனைக் கேட்டால், பாவம், அவன் என்ன செய்வான்?

இந்த வித்தியாசத்தை நன்றாக உணர்ந்தவர்களில் பால் ராம்ஸ்டன் ஒருவர். ஆஸ்திரேலியாவில் படிப்பை முடித்து வெளியேறுகிறவர்களிடம் கேட்பதற்காக அவர் ஒரு வினாத்தாளை உருவாக்கினார். 1993-லிருந்து அது தேசம் முழுவதும் பயன்படத் தொடங்கியது. ஆசிரியரின் தோற்றத்தையோ விசித்திரங்களையோ அது கேட்கவில்லை. உன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று உனக்குத் தெளிவாகத் தெரிந்ததா? நீ எழுதியதைப் படித்துக் குறிப்புச் சொல்ல ஆசிரியர்கள் நேரம் செலவிட்டார்களா? வேலைச் சுமை தாங்கக்கூடியதாக இருந்ததா? நல்ல ஞாபக சக்தி மட்டும் இருந்தால் தேறிவிடலாம் என்ற நிலைமையா? கடைசிக் கேள்வியை நம் கல்லூரிகளில் கேட்டால் என்ன பதில் வரும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்து, 2005-இல், இதைப் பின்பற்றித் தேசிய மாணவர் கணிப்பு ஒன்றை ஆரம்பித்தது. கடைசி வருஷ மாணவர்களுக்கு இருபத்திரண்டு கேள்விகள். பதில் வந்ததும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. போதனை பரவாயில்லை என்றவர்கள்கூட, எழுதிக் கொடுத்த கட்டுரை எங்களிடம் சரியாகத் திரும்பி வருவதில்லை, வந்தாலும் எங்கே தப்பு என்று சொல்வதில்லை என்று குறைப்பட்டார்கள். வருஷா வருஷம் இதே குறை. பழம் பெருமை வாய்ந்த இடங்களிலும் இதே குறை. பல பல்கலைக் கழகங்கள் வெட்கப்பட்டு, இத்தனை வாரத்துக்குள் விடைத்தாளைத் திருத்தி, குறிப்போடு கொடுத்தாக வேண்டும் என்று விதி செய்தன. மூன்று வாரம் என்பது பல இடங்களில் வழக்கமாயிற்று. பிரமாதமான புரட்சி இல்லைதான். ஆனால் தன் கட்டுரையில் தப்பு எங்கே என்று அடுத்த கட்டுரை எழுதுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ளும் மாணவனுக்கு அது பெரிய விஷயம். கேட்டதால் விளைந்த நன்மைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பாழாய்ப் போன தடி அங்கேயும் வந்தது. கணிப்பின் எண்களைப் பத்திரிகைகள் எடுத்து, யார் முதல் யார் கடைசி என்று பந்தயக் குதிரைகளைப் போல வரிசைப்படுத்தின. 2008-இல், கிங்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் மனோதத்துவ மாணவர்களிடம், "நீங்கள் குறைத்துப் போட்டால் உங்கள் பட்டத்துக்குத்தான் மதிப்புக் குறையும்" என்ற பொருளில் ஆசிரியர்கள் பேசியது ஒலிப்பதிவாகி வெளியே வந்தது. அந்தத் துறையின் முடிவுகளை அவ்வருஷம் நீக்கிவிட்டார்கள். பிறகு அரசாங்கம் இந்த எண்களையும் சேர்த்துக்கொண்டு, கல்லூரிகளுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்து, கட்டணத்தை உயர்த்தும் உரிமையோடு அதைப் பிணைக்க முனைந்தது. நாங்கள் நல்ல வார்த்தை சொன்னால் எங்கள் தம்பி தங்கைகளுக்குச் சம்பளம் ஏறுமா என்று மாணவர்கள் கேட்டார்கள். 2017-இல் தேசிய மாணவர் சங்கம் கணிப்பைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. பாதிப் பேராவது பதில் எழுதினால்தான் முடிவு வெளியாகும் என்பது விதி. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உட்படப் பல இடங்களில் அந்தப் பாதி தேறவில்லை.

எண்ணைத் தடியாகப் பிடிப்பதில் இன்னோர் அநியாயமும் உண்டு. அமெரிக்காவில், வகுப்பறையில்லாமல் கம்பியூட்டர் மூலமே நடந்த ஒரு பாடத்தில், ஓர் ஆசிரியரும் ஓர் ஆசிரியையும் தலைக்கு இரண்டு குழுக்களுக்குப் பாடம் நடத்தினார்கள். முகம் தெரியாதாகையால், ஒரு குழுவுக்குச் சொந்தப் பெயரையும் மற்றொன்றுக்கு அடுத்தவர் பெயரையும் சொல்லிக்கொண்டார்கள். விடைத்தாள்களை எல்லோருக்கும் ஒரே சமயத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும் 'தாமதமில்லாமல் செயல்படுவது' என்ற அம்சத்தில், ஐந்துக்கு, ஆண் பெயருக்குக் கிடைத்தது 4.35, பெண் பெயருக்குக் கிடைத்தது 3.55. நாற்பத்து மூன்று மாணவர்களை மட்டும் வைத்துச் செய்த சிறிய சோதனை இது, 2015-இல் வெளியாயிற்று. ஆயினும் அந்த எண்ணை நம்பி ஒரு பெண்ணின் பதவி உயர்வை நிறுத்தலாமா என்று கேட்க அது போதும். 2018-இல் கனடாவில் ரையர்ஸன் பல்கலைக் கழக வழக்கில், பதவி உயர்வுக்கும் நிரந்தரத்துக்கும் போதனைத் திறமையை அளக்க இந்த எண்களைப் பயன்படுத்தக் கூடாது என்று மத்தியஸ்தர் தீர்ப்புச் சொன்னார். மாணவர்களைக் கேட்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் பட்ட அனுபவத்தை அறிய அவர்களைத்தான் கேட்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டுதான் தீர்ப்பளித்தார்.

நம் நாட்டிலும் கேட்கத் தொடங்கினார்கள். கல்லூரிகளைத் தரம் பார்ப்பதற்காக 1994-இல் பெங்களூரில் ஏற்பட்ட தேசிய ஸ்தாபனம், 2017-இல் தன் விதிகளைத் திருத்தியபோது, மாணவர் திருப்திக் கணிப்பு ஒன்றையும் சேர்த்தது. கல்லூரி நிர்வாகத்தின் வழியாக இல்லாமல், மாணவர்களுக்கே நேராக மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கும் ஏற்பாடு. நல்ல ஆரம்பம். ஆனால் அங்கேயும் பதில் மார்க்காகத்தான் மாறியது. மார்க்கு என்றதும் நமக்கு மற்ற எல்லாம் மறந்துபோகிறது அல்லவா?

இங்கிலாந்துக்காரர்களுக்குப் பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு தெளிவு ஏற்பட்டது. 2023-இல் வினாத்தாளைத் திருத்தி, கேள்விகளை நேர்க் கேள்விகளாக்கினார்கள். மொத்தத்தில் உனக்குத் திருப்தியா என்ற கேள்வியை இங்கிலாந்து மாணவர்களுக்கு எடுத்தே விட்டார்கள். பந்தயக் குதிரைகளை வரிசைப்படுத்த எல்லோரும் ஓடிப் போய்ப் பார்த்த கேள்வி அதுதான். ஆசிரியர்கள் பாடத்தை எவ்வளவு நன்றாக விளக்குகிறார்கள், அவர்களுடைய குறிப்புகள் உன் வேலையை மேம்படுத்த எத்தனை தடவை உதவின என்பன போன்ற சின்னச் சின்னக் கேள்விகள் நின்றன. பொலோன்யாவில் மணியையும் வரிசையையும் பற்றிக் கேட்டவர்களுக்கு இவை அந்நியமாகத் தோன்றியிருக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் பொலோன்யா மாணவனுக்கும் இந்த மாணவனுக்கும் வேற்றுமை உண்டு. அவன் புகார் செய்தால் மறுநாளே அவனுடைய ஆசிரியர் நேரத்துக்கு வந்தார். இவனோ கடைசி வருஷத்தில், பெட்டி கட்டுகிற அவசரத்தில் பதில் எழுதுகிறான். குறிப்பில்லாமல் திரும்பி வந்த அவனுடைய கட்டுரைகள் அப்படியேதான் இருக்கும். அடுத்த வருஷம் வருகிற முகம் தெரியாத ஒருவனுடைய கட்டுரைதான் மூன்று வாரத்தில் குறிப்போடு திரும்பும். தண்ணீர் ஊற்றினவன் ஒருவன், காய் பறிக்கிறவன் ஒருவன். ஆசிரியரிடம் இருக்கக் கூடாது என்று நன்னூல் விலக்கிய முடத்தெங்கு, மாணவனிடம் ஒரு நல்ல குணமாகத் தோன்றுகிறது. ஆனால் மரம் வேலிக்கு அப்பாலாவது காய்க்க வேண்டும். அவன் எழுதிக் கொடுத்த தாளை யாரும் படிக்காமல் கட்டி அலமாரியில் வைத்தால், அடுத்த வருஷத்துப் பையன் அதைத் தெரிந்துகொண்டு எல்லாக் கேள்விக்கும் ஒரே கட்டத்தில் கோடு இழுத்துவிட்டுப் போவான். அவனைக் குற்றம் சொல்ல நமக்கு வாயிருக்காது.